முட்டை இல்லாத முட்டைக் குழம்பு

வீரபாண்டிப் பக்கம் வாடகை வீட்டில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், கொழுந்தனார் வேறொன்றில் டெய்லர். எனக்கு இன்னொரு கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து, ஓட்டையும் தையல் விட்ட இடமும் பார்த்து ஒதுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடிதான். மகள் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அடுப்பும் சாமான் வாங்குவதும் மாமியார் பொறுப்பு.

கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை. மற்ற நாளில் எங்களுக்கு முட்டைதான் கறி. வாரத்தில் மூன்று நாள் காலையில் முட்டைக் குழம்பு வைப்பார் மாமியார். அதையே மத்தியானத்துக்கு டப்பாவில் போட்டு எடுத்துப் போவோம். ஆளுக்கு ஒன்று. அவர் மட்டும் அப்போதும் தனக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம், ஐப்பசி முடிந்து குளிர் ஆரம்பித்ததும் முட்டை விலை ஏற ஆரம்பித்தது. புரட்டாசியில் இறங்கும், அப்போது எங்கள் வீட்டில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். புரட்டாசி போய் நாக்கு ஏங்குகிற நேரம் பார்த்து ஏறும். கடைக்காரரைக் கேட்டால், "வடக்க குளுருங்க அம்மிணி. நாமக்கல் லோடெல்லாம் அங்க போயிருதுங்க" என்பார். யாருக்கோ குளிரெடுத்தால் எங்கள் குழம்பில் முட்டை குறைய வேண்டுமா என்று எரிச்சலாக வரும்.

குறைந்தது. ஒரு நாள் காலையில் இரண்டே இரண்டு முட்டையை வேகவைத்துக்கொண்டு மாமியார் சொன்னார்: "ஆம்பளைங்க ரெண்டு பேருக்குப் போதுங் கண்ணு. ஒடம்ப ஒடைச்சு வேலை செய்யறாங்க. புள்ளைக்குத்தான் பள்ளிக்கூடத்துல போடறாங்கல்ல."

என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உனக்கு வேண்டாம் என்றுகூட அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வேண்டிய ஒருத்தி எதிரில் நிற்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை. அதைவிட எனக்கு இன்னும் ஆத்திரம் தருவது, நானும் சரியென்று தலையாட்டியதுதான். அவர்கள் டப்பாவில் முட்டையை வைத்து, என் டப்பாவில் வெறும் குழம்பை ஊற்றியது என் கைதான்.

கம்பெனியில் மத்தியானம் நாங்கள் ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். தேனிப் பக்கமிருந்து வந்த ஒரு பெண் என் டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, முட்டைக் குழம்பு வாசம் ஆளைத் தூக்குது. முட்டையக் காணோம்?"

"வெலை ஏறிப்போச்சல்லோ" என்றேன்.

"எங்க வீட்லயும்தான் ஏறிப்போச்சு. அவருக்கு மட்டும் வச்சு விட்டேன்."

பக்கத்தில் இருந்தவள், தானும் அப்படித்தான் என்றாள். ஒவ்வொரு டப்பாவாகப் பார்த்தோம். ஒன்றில்கூட முட்டை இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விலை ஊருக்கெல்லாம் ஏறியிருந்தது, சாப்பிடுவதை நிறுத்தியவர்கள் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே ஆட்களாக இருந்தோம்.

தை மாசம் ஒரு நாள் டேபிள் முன்னால் நின்றவாறே கண் இருட்டி, பனியன் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையேம்மா. வேலைக்குப் போறீங்கதானே? தினம் ஒரு முட்டை சாப்பிட முடியாதா?"

வீட்டுக்கு வந்து சொன்னேன். "டாக்டருங்க அப்பிடித்தான் சொல்லுவாங்க. கீரை தின்னா ரத்தம் ஊறாதாக்கு?" என்றார் மாமியார். வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வெலை எறங்கட்டும், பாத்துக்கலாம்" என்றார். நாமக்கல் லோடு திரும்பி வரும் வரைக்கும் என் ரத்தம் காத்திருக்க வேண்டுமாம்.

மறுநாள் சாயங்கால டீ நேரத்தில் கம்பெனி கேட்டுக்கு வெளியே போனேன். அங்கே வேகவைத்த முட்டையை இரண்டாக வகிர்ந்து, உப்பும் மிளகுத்தூளும் தூவித் தருகிற தள்ளுவண்டி நிற்கும். தேனிக்காரியும் கூட வந்தாள். நின்றுகொண்டே தின்றோம். மிளகு மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு பாதியும் எனக்கே என்பதில் அப்படி ஒரு ருசி. திருட்டுத்தனம் செய்வது மாதிரியும் இருந்தது. நான் சம்பாதித்த காசில் ஒரு முட்டை தின்பதற்கு எனக்கு ஏன் திருட்டு முழி வர வேண்டும்? நான்கு நாள் தொடர்ந்து போனேன். ஐந்தாம் நாள் கொழுந்தனார் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமியார் ஆரம்பித்தார். "ஏனம்மிணி, ஊட்டுல சோறு போடாத மாதிரி ரோட்டுல நின்னு திங்கறயாமா? சொந்தம் ஒறம்பரைல நாலு பேரு பாத்தா என்ன பேசுவாங்க?"

கொழுந்தனார் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தார். "தம்பி எங்கீங்க நின்னு என்னைப் பாத்தாரு?" என்று கேட்டு, பதிலையும் நானே சொன்னேன். "எதுத்தாப்புல பரோட்டாக் கடையிலதானுங்க அத்தை. கையில முட்டைப் பரோட்டாவோட."

"நான் ஆம்பளைங்க அண்ணி" என்றார் அவர், சீப்பை எடுக்காமல்.

"விடு, இப்ப எதுக்குச் சத்தம் போடறே?" என்றார் வீட்டுக்காரர்.

அதுவரை நான் சத்தமே போடவில்லை. அதற்கப்புறம்தான் போட்டேன். "நீங்க ஒன்னரை ஷிஃப்ட் நிக்கறீங்க, நானும் அதேதான் நிக்கறேன். விழுந்தது நானுங்க, நீங்க யாரும் இல்லை. ரோட்டுல தின்னது உங்களுக்குக் கேவலமாட்டத் தெரியுது. ஊட்டுல இல்லாமப் போனது தெரியலீங்களா?"

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நான் தின்னனா? ரெண்டு புள்ளை பெத்தேன், இன்னைக்கு வரைக்கும் எனக்குன்னு ஒரு முட்டை எடுத்து வெச்சிருப்பனா? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அது உண்மை. கேட்டதும் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. ஒரு மனுஷியை ஆயுசு முழுக்க வெறும் குழம்பைத் தின்ன வைத்து, அதை அவளே பெருமையாகச் சொல்லும்படி பழக்கியிருக்கிறார்கள். அந்தப் பெருமையை அடுத்து என் தலையில் வைக்கப் பார்க்கிறார்கள். அங்கே நிற்க முடியாமல் எழுந்து தண்ணீர்க் குடத்தோடு வெளியே போய்விட்டேன்.

திங்கட்கிழமை மாமியாருக்கு முன்னால் எழுந்தேன். மூன்று முட்டையை உடைத்தேன். வெங்காயமும் பச்சை மிளகாயும் நிறைய அரிந்து போட்டு, சட்டியில் ஊற்றிக் கிளறினேன். கரண்டியால் ஐந்து பங்கு வைத்தேன். இதில் யாருக்கு முழுசு, யாருக்குக் குழம்பு என்று பிரிக்க முடியாது.

சாயங்காலம் கொழுந்தனார் காலி டப்பாவை நீட்டினார். "முட்டை எங்கீங்க அண்ணி?"

"தின்னுட்டீங்களே தம்பி."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டு பரோட்டாக் கடையிலேயே சாப்பிட்டார். ரோட்டில் தின்கிறாயே என்று அவரை யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மூன்றாம் நாள், "இதும் நல்லாத்தான் இருக்குது" என்றார், என்னவோ இது ருசி சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரி. மாமியார் முதல் நாள் தன் பங்கைத் தட்டு போட்டு மூடி மகனுக்கு எடுத்து வைத்தார். அடுத்த தடவை அவர் தட்டில் போட்டுவிட்டு, கம்பெனிக்கு நேரமாகியும் எதிரிலேயே நின்றேன். என்னைத் திட்டிக்கொண்டே தின்றார்.

பங்குனி வாக்கில் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் கேட்டார், "உங்கூட்டுல இப்பெல்லாம் முழு முட்டையே வேகறதில்லீங்களா?"

"வெலை அப்பிடிங்களே" என்றார் மாமியார். "அதுக்காகத்தான் ஒடைச்சு ஊத்தறது."

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன். "வெலைக்காக இல்லீங்க அத்தை, நானும் நீங்களும் திங்கோணும்னுதானுங்க" என்று அந்த அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மாமியார் முகம் கறுத்து உள்ளே போனார். வெயில் காலம் வந்து விலை இறங்கிய பிறகும் நான் உடைத்துத்தான் ஊற்றினேன்.