மீன் கத்தியும் பதினொரு முகங்களும்

என் தம்பியின் ஓவியங்களில் மனிதர்களுக்கு ஏன் முகம் இல்லை என்று பலர் பல விதமாக எழுதிவிட்டார்கள். அடையாளம் இழந்த மனிதன் என்கிறார்கள், நாடு கிடந்த கிடப்பு என்கிறார்கள். எழுதட்டும். அந்த முகங்களை முதலில் சுரண்டியவள் நான். மீன் வெட்டுகிற கத்தியால்.

தொடக்கத்தில் அவன் கல்முனைப் பசாரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினான். எழுத்து அலுத்துப்போய், எழுபதுகளின் கடைசியில் ஆட்களை வரையத் தொடங்கினான். பெரியநீலாவணையில் கரைவலை இழுக்கிறவர்களையும் மாவடிப்பள்ளியில் வெள்ளாமை வெட்டுகிறவர்களையும் நாள்கணக்கில் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுப் பின்னறையில் பலகையில் தீட்டுவான். கைகளை உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாகப் போடுவான். கேட்டால், வேலை செய்கிற கை அப்படித்தான் கனக்கும் என்பான். முகத்தைக் கடைசியில்தான் தொடுவான். ஒரு முகத்துக்கு ஒரு மாதம்கூட எடுப்பான். எனக்கு அது விசராக, பைத்தியமாகத் தெரிந்தது.

உம்மா மவுத்தானபோது அவனுக்கு எட்டு வயது, எனக்குப் பதினாலு. அன்றிலிருந்து அவனை வளர்த்தது நான். சோறு முதல் மார்க்கம் வரை எல்லாம் என் பொறுப்பு என்ற நினைப்பு எனக்கு. பெண்களுக்கு மார்க்கம் சொல்கிற பயானில் ஒருநாள், உருவம் வரைந்தவனிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்லிக் கேட்கப்படும் என்று சொன்னதும் தம்பியை நினைத்துப் பயந்துபோனேன். பக்கத்தில் இருந்தவள், முகம் இல்லாவிட்டால் அது உருவமே இல்லை, குற்றம் வராது என்றாள். அப்பாடா என்றிருந்தது. முகத்தை எடுத்துவிட்டால் படமும் தப்பும், தம்பியும் தப்புவான்.

அடுத்த வாரம் பதினொரு படங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோக இருந்தான். அவனுடைய முதல் கண்காட்சி. லொறி பேச அவன் வெளியே போன காலையில் கத்தியை எடுத்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுத்தானே. பார்த்தால் மனம் இளகிவிடும் என்று ஒரு முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. மத்தியான லுஹர் பாங்குக்கு முன் பதினொன்றும் முடிந்தது. சாயத்தூளைக் கூட்டிக் குப்பையில் கொட்டிவிட்டு, அவனுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்ட சந்தோஷத்தில் இறால் கறி வைத்தேன்.

தம்பி வந்தான். கதவடியில் நின்றான். பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சுளகில் நெல் புடைக்கிற பெண்ணின் படத்துக்கு முன்னால் குந்திவிட்டான். நான் பயானில் கேட்டதையெல்லாம் படபடவென்று சொன்னேன். முடியும்வரை இருந்துவிட்டுக் கேட்டான்.

"இது ஆரெண்டு பாத்தீங்களா ராத்தா?"

"நான் பாக்கல்ல."

"உம்மா."

உம்மா ஒருநாளும் தன்னைப் படம் பிடிக்க விட்டதில்லை. அந்த முகம் உலகத்தில் வேறெங்கும் இல்லை. சின்ன வயதில் கண்டதை வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் கழித்து, அவன் அதைக் கொண்டுவந்திருக்கிறான். யா அல்லாஹ், அதை நான் குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

திரும்பப் போடு தம்பி, நான் சொல்லித் தருகிறேன் என்று அழுதேன். தன்னால் இனி முடியாது, ஒருதரம்தான் வந்தது என்றான். ஆனாலும் எனக்காகத் தூரிகையை எடுத்தான். மூக்கு இப்படி, கன்னம் இப்படி என்று நான் சொல்ல, அவன் போட, மூன்றாம் நாள் பலகையில் வந்தது என் முகம். அதை அவனே துடைத்துவிட்டான்.

படங்களை அப்படியே ஏற்றிப்போனான். கொழும்பில் கொண்டாடினார்கள். எண்பதுகளில் வரைந்த எதிலும் அவன் முகம் வைக்கவில்லை. அதுவே அவனுடைய பாணி என்று பெயராயிற்று. ஒருமுறை என்னையும் கண்காட்சிக்குக் கூட்டிப்போனான். தமிழ் தெரியாத ஒரு பெரிய மனுஷர் சுளகுப் படத்தைக் காட்டி அவனிடம் ஏதோ கேட்டார். எனக்கு அடக்க முடியவில்லை. நான்தான் சுரண்டினேன், என் உம்மாவை நான்தான் சுரண்டினேன் என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் திடுக்கிட்டுத் தம்பியைப் பார்த்தார். தம்பி இங்கிலீசில் என்னவோ சொன்னான். அவர் முகம் மலர்ந்து, எனக்கு மரியாதையாகத் தலை தாழ்த்தினார்.

என்னடா சொன்னாய் என்று பஸ்ஸில் கேட்டேன்.

"இவதான் என்ன வளத்தது எண்டு சொன்னன்."

அவனிடம் நான் இன்றுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது. அந்த மூன்று நாளும் மூக்கு, கன்னம் என்று சொன்னேனே, உம்மாவின் முகம் எனக்கு எப்போதோ மறந்துபோயிருந்தது. அடுப்படிக்குப் போய்ப் போய், கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன்.