இரண்டு அங்குல உயரத்தில் ஒரு எஞ்சின்

ஒருகொடவத்தை சரக்கு யார்டுக்கு என் பார்சலை எடுக்கப் போனபோது அவரைப் பார்த்தேன். கிரேன் ஓட்டுநர். மெலிந்த உடம்பு, வெயிலில் வெந்த முகம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் பெடலை மிதிப்பார்.

அன்று தூக்க வேண்டியது பழைய சரக்கு நீராவி எஞ்சின். ஏதோ ஹோட்டல் வாசலில் காட்சிக்கு வைக்கவாம். கனம் குறைந்தால் சில்லு வழுக்கும், கூடினால் தண்டவாளம் வளையும் என்று, எஞ்சினைச் செய்தவர்கள் பாரத்தைப் பத்துச் சில்லுகளுக்குப் பங்கு போட்டிருந்தார்கள். இப்போது அத்தனையும் ஒரே கொக்கியில். கீழே கட்டை அடுக்க இருவர் குனிந்தார்கள்.

எஞ்சின் இரண்டு அங்குலம் எழும்பியது. உடனே இறக்கிவிட்டார்.

“என்ன அண்ணே, பயந்திட்டீங்களோ? நிறை பேப்பரில கிடக்குதானே!” என்றார் யார்டு மனேஜர்.

“பேப்பர் வெறும் எஞ்சினுக்கு, சேர். இதுக்குள்ள தண்ணி கிடக்கு.”

“தண்ணி இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதீங்க.”

“ஓம் சேர். திறந்து பாருங்கோ.”

கொதிகலனின் அடித்திருகு துருவில் இறுகிக் கிடந்தது. கட்டை அடுக்க வந்த இருவரும் மாறி மாறித் திருகினார்கள். கடைசியில் அசைந்தது. எத்தனை மாரியின் மழையோ, கறுப்பாகப் பீறிட்டு யார்டெல்லாம் ஓடியது.

பிறகு தேத்தண்ணிக் கடையில் அவரிடம் கேட்டேன்: “தண்ணி இருக்கெண்டு எப்படித் தெரிஞ்சது?”

“தெரியாது. லீவர் பிடிச்ச கை கூசினது. கீழ ரெண்டு பேர் நிண்டாங்கள். கை கூசுதெண்டா மனேஜர் கேட்பாரோ? ஒரு காரணம் சொல்லத்தானே வேணும்.”

பணிஸைத் தேநீரில் தோய்த்துத் தின்றார். திருகோடு மல்லாடிய அவ்வளவு நேரமும் அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. நினைத்தால் எனக்குத்தான் இன்னும் வியர்க்கிறது.