பற்றில்லாப் பாண்டி

மீரான் மைதீனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஆனாலும் அவன் கதையை என்னைவிட ஒழுங்காகச் சொல்ல இங்கே ஆள் கிடையாது. பொறாமைக்காரன் பார்க்கிற மாதிரி ஒருத்தனை அவன் பெண்டாட்டிகூடப் பார்த்திருக்கமாட்டாள்.

என் பெயர் தங்கபாண்டி. சின்னமனூரில் மேகமலை ரோடு பிரிகிற இடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். மீரானுடையது உத்தமபாளையத்தில். நடுவில் பஸ்ஸில் கால் மணி நேரம், அவ்வளவுதான். மலை ஏறி இறங்கும் ஏலத்தோட்டத்து ஜீப்புகள் கிளட்ச்சைத் தின்றுவிட்டு எங்கள் இருவரில் ஒருவனிடம்தான் வந்தாக வேண்டும். எனக்கு இருந்தது ஒரே ஆசை. ‘கிளட்ச்னா தங்கபாண்டி’ என்று நாலு பேர் சொல்ல வேண்டும். எல்லோரும் சொன்னது என்னவோ, ‘கிளட்ச்னா மீரான்’.

அவன் அப்பா கம்பம் சந்தையில் கருவாடு விற்றவர். மீரானுக்கு அந்த வியாபாரம் பிடிக்காமல் ஜீப் ஓட்டப் போனான். விடிந்ததும் தோட்டத்துக்குக் களையெடுக்கப் போகும் பெண்கள் இருபது பேரை ஒரே ஜீப்பில் அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறுவான். வளைவில் வண்டி நின்று கிளம்பும்போது ஒரு நூல் பிசகினாலும் பின்னால் உருளும். அதற்காகவே செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓட்டிப் பழகினான்.

அப்புறம் பட்டறை போட்டபோதும் அதே பழக்கம்தான். வண்டி வந்தால் ஸ்பேனரைத் தொடமாட்டான். செருப்பைக் கழற்றுவான். சீட்டில் உட்கார்ந்து, இஞ்சினைப் போட்டு, இடது காலைக் கிளட்ச் பெடல்மேல் வைத்துக் கண்ணை மூடுவான். பிறகு ‘பிளேட்டு’ என்பான், இல்லையென்றால் ‘பேரிங்கு’ என்பான். கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால் பாழாய்ப்போனது அதுவேதான் இருக்கும்.

நானும் கதவைச் சாத்திக்கொண்டு வெறுங்காலில் மிதித்துப் பார்த்திருக்கிறேன். உள்ளங்கால் கிரீஸ் ஆனதுதான் மிச்சம். அதை என் மனைவி கருத்தம்மாள் பார்த்துவிட்டாள்.

“என்ன, பூக்குழி எறங்கப் போறீகளா?” என்றாள். “மீரான் அண்ணன்ட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவீக? கேட்டாச் சொல்லித் தருவாக.”

என் வீட்டிலேயே அவனுக்கு மரியாதை. நான் காலைக் கழுவப் போனேன்.

தொண்ணூற்றெட்டில்தான் எனக்கு நேரம் வந்தது. மேகமலையில் ஒரு எஸ்டேட் முதலாளியிடம் பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது. அறுபதுகளில் செய்தது. எட்டு சிலிண்டர், கையால் கியர் போடுகிற வண்டி. அது உறுமினால் தேயிலைச் செடி ஆடும் என்பார்கள். நீளத்தைப் பார்த்து ஊர்க்காரர்கள் அதற்குக் ‘கப்பல்’ என்று பெயர் வைத்தார்கள். அதன் கிளட்ச் கெட்டுவிட்டது. கப்பலைச் சரிசெய்கிறவனுக்கே எஸ்டேட்டின் எட்டு ஜீப்பின் வேலையையும் கொடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். மீரான் அந்த வாரம் மகள் நிக்காஹ் வேலையில் இருந்தான்.

எங்கள் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வந்தது. பேசியது இம்மானுவேல், கப்பலின் டிரைவர், பீர்மேட்டுப் பக்கத்து மலையாளி. மலையிலிருந்து வரும் லைன் எப்போதும் கரகரக்கும். “மேஸ்திரி, கியர்... பற்று... ன்னில்ல” என்று காதில் விழுந்தது.

மலையாளம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று பீற்றிக்கொள்கிறவன் நான். கூட டீக்கடைக் கூட்டம் வேறு நின்றது. மீரான் காலால் சொன்னால் நான் காதாலேயே சொல்வேன் என்று ஒரு திமிர் வந்தது பாருங்கள், அங்கேதான் சனியன் ஏறி உட்கார்ந்தது.

“பற்று இல்லேங்கிறாரு. பிடிமானம் போச்சு. பிளேட்டு தேஞ்சு வழுக்குது. வண்டியப் பாக்கவே வேணாம்!” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

கப்பலை லாரியில் கட்டி இறக்கிக் கொண்டுவந்தார்கள். நான் இஞ்சினைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. பார்த்தால் சொன்ன வாக்குக்கு மரியாதை என்ன? நேரே கியர்பாக்ஸை இறக்கினேன். பிளேட் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது, எனக்கு அதுவே போதுமாயிருந்தது. அந்தப் பிளேட் இந்தத் தேசத்தில் கிடைக்காது. மதுரைக்குக் கொண்டுபோய்ப் புது லைனிங் அடித்து வாங்கி, ஒரு மாதம் கழித்து மாட்டினேன். முதலாளியே நேரில் வந்து நின்றார். இஞ்சினைப் போட்டுக் கிளட்ச்சை மிதித்துக் கியரைத் தள்ளினேன். கர்ர்ர் என்று பல் கடித்தது. கியர் விழவே இல்லை.

முதலாளி இம்மானுவேலைப் பார்த்து, “மீரானெ விளிக்கு” என்றார்.

அவன் வந்தான். செருப்பைக் கழற்றினான். கண்ணை மூடினான். எனக்கு அந்தக் காலை வெட்டி எறியலாம் போலிருந்தது, பொய் சொல்லவில்லை.

“பிளேட்டு நல்லா விடுது மாப்ள. உள்ள ஷாஃப்ட்டுதான் நிக்காம சுத்துது. நுனியில இருக்குற பித்தளைப் புஷ்ஷு காஞ்சு கவ்விப் பிடிச்சிருக்கு, அதான் கியர் விழல” என்றான். போன் கதை அவன் காதுக்கும் எட்டியிருந்தது போல. இம்மானுவேலிடம் திரும்பி, “அன்னிக்குப் போன்ல என்ன சொன்னீக?” என்று கேட்டான்.

“கியர் இடான் பற்றுன்னில்ல எந்நு பறஞ்ஞு.”

கியர் போட முடியவில்லை. அவ்வளவுதான் அந்த மனிதன் சொன்னது. ‘முடியவில்லை’ என்பதைப் ‘பிடிமானம் இல்லை’ என்று நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மீரான் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் முதலாளியிடம் அவன் சொன்னது வேறு.

“பிளேட்டும் போற நெலமையிலதான் இருந்துச்சு மொதலாளி. தங்கபாண்டி மாத்துனது நல்லதாப் போச்சு.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். இதற்கு என்ன செய்ய? மீரான் புஷ்ஷை மாற்றியதும் கியர் விழுந்தது, எட்டு ஜீப்பும் உத்தமபாளையம் போயின. இம்மானுவேல் டீக்கடையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குப் ‘பற்றில்லாப் பாண்டி’ என்று பெயர். முற்றும் துறந்த சாமியார் பெயர், உள்ளே இருப்பதோ இந்த எரிச்சல்.

பதினோரு வருடம் போனது. மீரானுக்குச் சர்க்கரை வந்து இடது கால் மரத்துப்போனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கேட்டதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குப் போய்க் கருத்தம்மாளிடம் சொன்னேன். சோற்றுக் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தாள்.

“கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாக? இத்தன வருசமா அந்தக் காலையேதான பாத்துக்கிட்டுக் கெடந்தீக!”

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரமே கப்பல் என் பட்டறைக்குள் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் இம்மானுவேல், பக்கத்தில் மீரான். அவன் இறங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே பேசினான்.

“மாப்ள, ஏறி மிதிச்சுப் பாரு. என் காலுக்கு ஒண்ணும் தெரியமாட்டேங்குது. பெடல்ல இருக்கா, தரையில இருக்கான்னே குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். மொதலாளிட்டச் சொல்லிட்டேன், கிளட்ச்னா இனித் தங்கபாண்டிதான், எட்டு ஜீப்பும் இங்கனதான் வரும்னு.”

நான் இத்தனை காலம் காத்துக்கிடந்த வார்த்தை. அதே டீக்கடைக் கூட்டம் நின்று கேட்டது. நான் செருப்பைக் கழற்றினேன். ஏறி உட்கார்ந்து, இஞ்சினைப் போட்டு, இடது காலைப் பெடல்மேல் வைத்துக் கண்ணை மூடினேன்.

இரும்பு சூடாக இருந்தது. நடுங்கியது. வேறு ஒன்றும் தெரியவில்லை. ‘பிளேட்டு’ என்றோ ‘பேரிங்கு’ என்றோ ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும். வாய் வரைக்கும் வந்தும்விட்டது. கண்ணைத் திறந்தால் மீரான் தன் காலைக் குனிந்து பார்த்துச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான்.

“எனக்கும் தெரியல பாய்” என்றேன். “எறக்கித்தான் பாக்கணும்.”

மீரான் பட்டறையே அதிரச் சிரித்தான். “அடப்பாவி! இத அன்னிக்கே சொல்லிருந்தா ஒனக்கு அந்தப் பேரே வந்திருக்காதுல்ல!”

இறக்கிப் பார்த்தோம். பேரிங்தான் போயிருந்தது. நான் சொல்ல இருந்தது பிளேட்.

தனக்குத் தெரியவில்லை என்பதை அத்தனை பேர் முன்னால் அவன் வண்டியை விட்டு இறங்கியதுமே சொல்லிவிட்டான். எனக்கு அதைச் சொல்லப் பதினோரு வருடம் ஆனது. அதற்கும் வயிறு எரியத்தான் செய்கிறது.