உக்காந்து சாப்பிடுற விசா

போன்ல யாராவது பேச்சுக்கு "என்ன, சும்மாதான இருக்கீங்க?"ன்னு கேட்டாக்கூட எங்க மாமாவுக்குச் சுருக்குன்னு ஏறும். மாமான்னா எங்க அக்கா வீட்டுக்காரர். சலவைக் கடை வெச்சிருந்தவர். காலையில இஸ்திரிப் பெட்டியைக் கையில எடுத்தா, கடை சாத்துற வரைக்கும் நின்ன கால்லயே நிப்பார். அந்தக் கடையில நாற்காலியே கிடையாது. போட்டா, துணி குடுக்க வர்றவங்க உக்காந்து கதை பேச ஆரம்பிச்சிடுவாங்களாம். யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல ஜன்னல் திரையைத் தடவிப் பாத்து, ஈரம் காயாம மடிச்சிருக்காங்கன்னு குத்தம் சொல்லிட்டு, அப்புறம்தான் நலம் விசாரிப்பார். எங்க வீட்டுத் திரையை நான் கழட்டியே வெச்சுட்டேன்.

அப்பேர்ப்பட்ட மனுஷனை முட்டிவலி வந்து உக்கார வெச்சுது. கடையை வாடகைக்கு விட்டார். மேல ரெண்டு மாடி வாடகையும் சேர, காசுக்குக் குறைவில்லை. ஆனா ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டுல இருந்தா. அவ பக்கத்துல போய் இருக்கணும்ங்கிறதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே ஆசை. அந்த நாட்டுல ஒரு விசா இருக்குன்னு மகள் விசாரிச்சுச் சொன்னா. சொந்த வருமானம் உள்ளவங்க வருஷக்கணக்கா தங்கிக்கலாம். ஆனா அங்க எந்த வேலையும் பார்க்கக் கூடாது.

உக்காந்து சாப்பிடுறதுக்கு ஒரு விசாவான்னு மாமா முகத்தைச் சுளிச்சார். அவர் அகராதியில அது வசவு. வீட்டுல அரைக்கால் சட்டையோட கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து சம்பாதிக்கிற மருமகனுக்கே வெட்டி ஆபீசர்னு பேர் வெச்சவர். இப்ப அதே பட்டத்தை அவரே காசு கட்டி வாங்கணும். அக்கா முகத்தைப் பாத்துட்டுச் சரின்னார்.

தூதரகத்துல நேர்காணலுக்கு அவங்க கூட நானும் போனேன். நான் டிராவல்ஸ்ல வேலை பாக்கிறவ, அந்த பாஷை வரும், மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆள் வரலாம்னு சொல்லியிருந்தாங்க. கண்ணாடி போட்ட ஒரு அதிகாரியம்மா, பக்கத்துல தமிழ் தெரிஞ்ச ஒரு குமாஸ்தா. அங்க போய் என்ன செய்வீங்கன்னு அந்தம்மா கேட்டாங்க. மாமா நெஞ்சை நிமித்தினார்.

"நான் சும்மா இருக்கிற ஆள் இல்ல மேடம். யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன். இந்தக் கை ஓடுற வரைக்கும் உழைச்சுத்தான் சாப்பிடுவேன்."

நான் வேற மாதிரி சொல்லித் தொலைக்கலாம்னு பாத்தா, குமாஸ்தா ஏற்கனவே தலையை ஆட்டிட்டு நிக்கிறார். போதாக்குறைக்கு மாமா அவர் காலரைக் காட்டி, துணியைக் கொண்டுவந்து குடுத்தா ரெண்டே இழுப்புல நேராக்கித் தர்றேன்னு வேற சொல்லிட்டார். விசா இல்லைன்னுட்டாங்க. இன்னொரு தடவை மட்டும் கேட்டுப் பாக்கலாம், அதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்.

வெளிய வந்து மாமா பெருமையா, உண்மையைத்தான சொன்னேன்னார். அக்கா அழலை, கத்தலை. "அடுத்த தடவையும் இப்படிப் பேசினீங்கன்னா நான் மட்டும் தனியா எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவேன். நீங்க இங்கயே உழைச்சுச் சாப்பிடுங்க"ன்னா. மாமா உடனே தலையாட்டிட்டார். அக்கா இல்லாம தன்னோட துண்டு எந்த அலமாரியில இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது.

அன்னையிலேர்ந்து பயிற்சி. மத்தியானம் சாப்பிட்டதும் கூடத்துல ஒரு நாற்காலியைப் போட்டு அதுல அவரை உக்கார வெப்போம். கொஞ்ச நேரத்துல கை தானா மேஜைத் துணியை நீவ ஆரம்பிக்கும். அக்கா பாத்தா உடனே கையைத் தொடைக்கு அடியில வெச்சுக்குவார். நான் அதிகாரி மாதிரி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, அங்க என்ன செய்வீங்கன்னு கேப்பேன். "ஒண்ணும் செய்ய மாட்டேன்"னு சொல்றதுக்குள்ள அவருக்கு வேர்த்து ஊத்தும். ஒரு நாள் நல்லாத்தான் சொன்னார். சொல்லி முடிச்சு, பக்கத்துல இஸ்திரி போட ஒரு சின்ன இடம் கிடைச்சா மட்டும்னு இழுத்தார். நான் கண்ணாடியைக் கழட்டி மேஜையில வீசிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.

ரெண்டாவது நேர்காணல்ல அதே அம்மா, அதே குமாஸ்தா. என்ன செய்வீங்கன்னு கேட்டாங்க. மாமா கையைக் கட்டிக்கிட்டு, ஒண்ணும் செய்ய மாட்டேன்னார். பொழுது போகாதேன்னாங்க. போகலைன்னா இன்னும் கொஞ்சம் சும்மா இருப்பேன்னார். எனக்கு எழுந்து கை தட்டணும் போல இருந்துச்சு.

அப்புறம் அந்தம்மா அக்கா பக்கம் திரும்பி, நீங்க என்ன வேலை பாக்கிறீங்கன்னு கேட்டாங்க. மாமா முந்திக்கிட்டார்.

"அவளா? அவ எப்பவும் வீட்டுல சும்மாதான் இருக்கா."

இத்தனை நாளும் மாமாவுக்கே பாடம் எடுத்த நாங்க, அக்காவுக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரலை. அக்கா மெதுவா மாமாவைத் திரும்பிப் பாத்தா. அப்புறம் கொட்டித் தீத்துட்டா. துணிக்குப் போடக் கஞ்சி காய்ச்சினது யாரு, துணி மாறிடாம காலர்ல நம்பர் துணி தெச்சது யாரு, ஆள் வராத நாள்ல மூட்டையைத் தூக்கிட்டு வீடு வீடா போனது யாரு, கடை ஆளுங்க எல்லாருக்கும் சமைச்சுப் போட்டது யாரு, இன்னைக்கும் இவர் குளிச்சா துண்டை எடுத்துக் குடுக்கிறது யாருன்னு ஒண்ணு விடலை. நான் பாதியைத்தான் மொழிபெயர்த்தேன். மீதியைக் குமாஸ்தா ஆர்வமா சொல்லிட்டார்.

அதிகாரியம்மா பேனா நின்னுது. அப்ப அங்க போயும் வேலை செய்வீங்களான்னு கேட்டாங்க. அக்காவுக்கு அப்பத்தான் உறைச்சுது. வாயைப் பொத்திக்கிட்டா. தன் வாயாலயே மகளைத் தொலைச்சுட்டோம்ங்கிற பயம் கண்ணுல தெரிஞ்சுது.

மாமா எழுந்து நின்னார். "இல்ல மேடம். அங்க அவ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட மாட்டா. வீட்டுல எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். அவ உக்காந்து சாப்பிடட்டும்."

இப்பத்தான ஒண்ணும் செய்ய மாட்டேன்னு சொன்னீங்கன்னு அந்தம்மா மடக்கினாங்க. மாமா முழிச்சார். அக்காவைப் பாத்தார், தரையைப் பாத்தார்.

"இதை வேலைன்னு யாரு மேடம் சொன்னா? இத்தனை வருஷமா இவ இதைத்தான் செஞ்சா. சும்மா இருக்கான்னுதான நான் எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்பக்கூட அதைத்தான சொன்னேன்."

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன், ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை. அந்தம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுச் சிரிச்சாங்க. வீட்டு வேலையை யாரும் தடுக்க மாட்டோம், தாராளமா செய்யுங்கன்னாங்க. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால மூக்கைத் துடைச்சா. விசா வந்துடுச்சு.

அவங்க போய்ச் சேந்து கொஞ்ச நாள் கழிச்சு வீடியோவுல கூப்பிட்டேன். அக்கா பால்கனியில சாய்வு நாற்காலியில காலை நீட்டி உக்காந்திருந்தா, கையில காப்பி. பின்னாடி பாத்திரம் உருள்ற சத்தம் காதைப் பிளந்துச்சு. மாமா என்ன பண்றார்னு கேட்டேன்.

அக்கா திரும்பிக்கூடப் பாக்கலை. காப்பியை ஒரு வாய் குடிச்சுட்டுச் சொன்னா, "அவரா? வீட்டுலதான், சும்மா இருக்கார்."