கண்மாய்க்குள் இறங்கிய கேமரா

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். முதல் கேமராக்காரி என் அக்கா முத்துத்தாய். இரண்டில் எது பெரிது என்று செவ்வூத்துப்பட்டியில் யாரைக் கேட்டாலும் அக்கா பெயரைத்தான் சொல்வார்கள். எனக்கும் அதில் வருத்தமில்லை. சுவரில் தொங்கும் என் பட்டமளிப்புப் படத்தை எடுத்ததே அவள்தான்.

பிளஸ் டூ முடித்த கையோடு மேலூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்லாவில் உட்கார எடுத்த ஆள், கொஞ்ச நாளிலேயே பாஸ்போர்ட் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். சடங்கு, வளைகாப்பு என்று பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் போக அங்கிருந்த ஆண்கள் கூச்சப்பட்டார்கள். அதற்கெல்லாம் அக்காவை அனுப்பினார்கள். கல்யாணம் என்றால் மட்டும் மணப்பெண் அறையோடு அவள் வேலை முடிந்துவிடும். தாலி கட்டுகிற நேரத்தில் மேடையேற ஒருவரும் விட்டதில்லை. "பொம்பளப் பிள்ள, கூட்டத்துல மிதிபட்டுப் போகும்" என்பார்கள்.

ஒரு கல்யாணத்தையாவது முழுக்கத் தன் பொறுப்பில் எடுத்துவிட வேண்டும் என்பது அவள் வைராக்கியம். அதற்கு முதலில் சொந்தக் கேமரா வேண்டும். 2007 பங்குனியில் என்னையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன் பக்கத்தில் நின்றால் கடைக்காரர் ஏமாற்ற யோசிப்பார் என்பது அவள் நினைப்பு.

டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் பட்டாபிராமன் கடை. போனில் வீட்டாரிடம் சௌராஷ்டிர மொழியில் பேசிக்கொண்டிருந்தவர், எங்களைப் பார்த்ததும் மதுரைத் தமிழுக்கு மாறினார்.

"டி.எஸ்.எல்.ஆர். வேணும்ணே. இதுதான் மொதக் கேமரா" என்றாள் அக்கா.

"எத்தன மெகாபிக்சல்னு கேக்காத மொத ஆளு நீதாம்மா."

"எத்தன மெகாபிக்சல்ணே?" என்றேன் நான்.

"கேட்டுட்டாரு" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு கேமராவையும் இரண்டு லென்சுகளையும் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று குட்டை, அதன் மேல் 18-55 என்று எழுதியிருந்தது. மற்றது அதைப்போல் இரண்டு மடங்கு நீளம்; 70-300. கேமராவோடு இரண்டில் ஒன்றைத்தான் எங்களால் வாங்க முடியும்.

அக்காவின் கை நேராக நீளத்துக்குத்தான் போனது. எங்கள் பக்கத்தில் கேமராக்காரருக்கு மதிப்பே லென்சின் நீளத்தை வைத்துத்தான். "பீரங்கி வந்திருச்சா?" என்றுதான் கல்யாண வீட்டில் விசாரிப்பார்கள். குட்டை லென்சோடு போனால் பந்தியில் இலை போடக்கூட யோசிப்பார்கள்.

சந்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. நீள லென்சில் டீ மாஸ்டரின் முகத்தைப் படமெடுத்துப் பார்த்த அக்கா வாயைப் பிளந்தாள். "யாத்தே, மீசையில நரைச்ச முடிகூடத் தெரியுதுடா."

"சரி, இப்ப டீக்கடைய முழுசா எடு" என்றார் பட்டாபிராமன்.

அக்கா பின்னால் நகர்ந்தாள். இன்னும் நகர்ந்தாள். முதுகு சுவரில் முட்டியது. அப்போதும் மாஸ்டரில் பாதி ஆள்தான் சட்டத்துக்குள் வந்தார்.

"இதுக்கு மேல போகணும்னா என் சுவர இடிக்கணும்" என்றார் அவர்.

குட்டை லென்சை மாட்டி 18-இல் வைத்ததும் பாய்லர், பெஞ்சு, சுவரொட்டி, சாத்தி வைத்த சைக்கிள் என்று கடை மொத்தமும் உள்ளே வந்துவிட்டது. எண் சிறிதானால் பார்வை அகலும். பெரிதானால் எங்கோ இருக்கும் ஒரு துண்டை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் என்று நான் விளக்கினேன். குவிலென்சுக்குப் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். ஆனால் அந்தப் படத்துக்குள் ஒரு டீ மாஸ்டர் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

அக்கா அதோடு நிற்கவில்லை. குட்டை லென்சோடு சந்துக்கு அந்தப் பக்கம் போய், மாஸ்டரின் மூக்கருகே கேமராவை நீட்டி ஒரு படம் எடுத்தாள். அவர் ஒதுங்கிக்கொண்டு, "ஏத்தா, மூக்குக்குள்ளயா எடுக்குற?" என்றார். திரும்பி வந்து இரண்டு மீசைப் படங்களையும் கேமராவின் முதுகிலிருந்த திரையில் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"மீசை ரெண்டுலயும் ஒரே அளவுதாண்ணே. நீளத்துல மீசைக்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல, எல்லாம் கரைஞ்சு கெடக்கு. குட்டையில பின்னாடி தெருவே இருக்கு. கிட்டப் போறதுக்குத்தான் எனக்குக் காலு இருக்கே. இதையே குடுங்க."

பட்டாபிராமன் பில் புத்தகத்தை எடுத்தபடி கேட்டார்: "காலு இருக்கு, சரி. கிட்டப் போக விடுவாய்ங்களா?"

அக்கா பணத்தை எண்ணி மேசையில் வைத்தாள்.

ஊரில் என் கூட்டாளி மலையாண்டி கேமராவைப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா, இம்புட்டூண்டு இருக்கு? இன்னும் வளரலயா?"

"இப்பத்தாண்டா நட்டுருக்கேன்" என்றாள் அக்கா.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்த் தலைமைக்காரரான அம்பலகாரர் சோணை, ஆவணியில் மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். அக்கா நேராகப் போய்க் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டார் மதுரைக் கேமராக்காரர் கிரிதரனைச் சொல்லியிருந்தார்கள். அம்பலகாரர் யோசித்தார். "வைகாசியில நம்ம கண்மாய் அழியுது. ரெண்டு பேரும் வந்து படம் எடுங்க. எந்தப் படம் எனக்குப் பிடிக்குதோ, அந்த ஆளுக்குக் கல்யாணத்தக் குடுத்துர்றேன்" என்றார்.

கண்மாய் அழிப்பது என்றால் மீன்பிடித் திருவிழா. தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் சுற்றுவட்டாரமெல்லாம் வலையும் ஊத்தாவுமாகக் கரையில் வந்து கூடும். ஊத்தா என்பது அடியில்லாத மூங்கில் கூடை; மீன் மேல் கவிழ்த்து அமுக்கிவிட்டு, மேல் வாய் வழியாகக் கைவிட்டு எடுப்பார்கள். அம்பலகாரர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. வீசிவிட்டால், மீன் பிடிக்க இறங்குகிற யாரையும் மறிக்கக் கூடாது.

அன்று காலை கரைமேல் பந்தல் போட்டு, அம்பலகாரருக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கிரிதரனுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. ஆளுக்கொரு துண்டும் போர்த்தினார்கள். ஊர் கொடுத்த நாற்காலியிலிருந்து பாதியில் எழுந்தால் ஊரை அவமதித்ததாக அர்த்தம். கிரிதரன் ஸ்டாண்டை விரித்து நீள லென்சை மாட்டிச் சௌகரியமாக உட்கார்ந்தார். அக்கா குட்டை லென்சில் பார்த்தாள். கண்மாய் தெரிந்தது, வானம் தெரிந்தது. மனிதர்கள் கடுகு சிந்தினாற்போலக் கிடந்தார்கள். உட்கார்ந்தால் கல்யாணம் போய்விடும். எழுந்தால் அம்பலகாரர் முகம் கோணும், அப்போதும் கல்யாணம் போய்விடும்.

அவள் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். சற்று நேரம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, கரையோரம் காத்து நின்ற கூட்டத்தையே பார்த்தாள். பிறகு அம்பலகாரரிடம் திரும்பினாள்.

"அய்யா, இந்தா என் தம்பி. எங்க வீட்டுல மொதப் பட்டதாரி. இந்த மரியாதைய அவனுக்குக் குடுங்க. நான் மீன் பிடிக்கப் போறேன்."

"கேமராவ வச்சா?"

"ஊத்தா கொண்டு வரலய்யா. கையில இதுதான் இருக்கு."

அம்பலகாரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீசை துடிக்கச் சிரித்தார். "மீன் பிடிக்கப் போறவள மறிக்க எனக்கே உரிமை இல்லத்தா. போ. துண்டு வீசுமுன்ன மட்டும் கால வச்சிராத. டேய் பட்டதாரி, வந்து உக்காரு."

அக்கா கேமராவைக் கேரி பேக்கில் நுழைத்து, லென்சுக்கு மட்டும் ஓட்டை விட்டு ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு, பெண்கள் வரிசைக்கு முன்னால் போய் நின்றாள்.

துண்டு உயர்ந்தது. கரை மொத்தமும் சரிந்து தண்ணீருக்குள் இறங்கியதுபோல் இருந்தது. அக்காவும் முதல் ஆட்களோடு சேற்றில் உழன்று ஓடினாள். இடுப்பளவுத் தண்ணீர் வந்ததும் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பி நின்றாள். அத்தனை பேரும் கிழக்கே ஓட, மேற்கே பார்த்து நின்றவள் அவள் ஒருத்திதான். முதுகுக்குப் பின்னால் காலைச் சூரியன். எதிரே கூட்டம் முழுக்க அவள் மேல் வந்துகொண்டிருந்தது. யாரோ வீசிய ஊத்தா அவள் தோளில் இடித்தது. தலை முங்கியது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். தண்ணீருக்கு மேலே இரண்டு கைகளும் ஒரு பாலிதீன் பையும் மட்டும் தெரிந்தன. பிறகு தலை வந்தது. தலைமுடி முகத்தில் ஒட்டியிருக்க, கைகளை இறக்காமலே அடுத்தடுத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அம்பலகாரர் வீட்டில் கிரிதரனின் லேப்டாப்பில் இரண்டு பேர் படங்களையும் போட்டார்கள். கிரிதரனின் படங்கள் சுத்தமாக இருந்தன. துள்ளும் விரால், சிதறும் துளி, எல்லாம் தெளிவு. ஆனால் ஊர்க்காரர்கள் அவரது படங்களில் முதுகாகத்தான் இருந்தார்கள்.

அக்காவின் படம் வந்ததும் பின்னால் நின்றவர்களும் திரையை நெருங்கினார்கள். முன்னால் ஊத்தாவைத் தலைக்கு மேல் தூக்கியபடி, வெற்றிலை வாய் திறந்து சிரிக்கும் ஒருத்தி. தொட்டால் ஈரம் ஒட்டும்போல அத்தனை பக்கத்தில். அவளுக்குப் பின்னால் முகங்கள், முகங்கள், கரை வரைக்கும் முகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, விரல்நுனி அளவில் அம்பலகாரர்; கையில் விரிந்த வெள்ளைத் துண்டு.

"இந்தா நீங்க" என்று அவர் மனைவி சோலையம்மாள் திரையைத் தொட்டாள். "அந்தா நம்ம பெரியவன். இது யாரு, சம்பந்தி வீட்டு டிரைவரா? அவனும் எறங்கிருக்கான் பாருங்க."

அம்பலகாரர் வெகுநேரம் பார்த்தார். "ஊரே இருக்கு" என்றார். பிறகு அக்காவிடம், "தாலி கட்டயிலயும் இப்பிடித்தான் மேல வந்து விழுவாய்ங்க. சமாளிப்பியாத்தா?"

"இடிச்சா இடிக்கட்டும்யா. நான் மேடையில நிப்பேன்."

"அப்பக் கல்யாணம் ஒனக்கு. மாப்பிள்ள வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அக்கா கிரிதரனைப் பார்த்தாள். அவர் லேப்டாப் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அவரையும் விட்றாதீங்கய்யா" என்றாள். "மண்டபத்துக் கடைசியில நின்னு, பொண்ணோட அம்மா கண்ணு கலங்குறத யாருக்கும் தெரியாம எடுக்கணும். அதுக்கு நீள லென்சுதான் வேணும். எனக்குக் கீழ வேலை பாக்கச் சம்மதம்னா வரட்டும்."

கிரிதரன் அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு நிமிஷம் திரையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு வரணும்க்கா?" என்றார்.