கல்லூரிக் கோட்டும் ஹெலிகாப்டரும்

நாமக்கல் வட்டாரத்தில் ஒரு வீட்டில் நாய் வளர்க்கிறார்களோ இல்லையோ, ஒரு பி.இ. வளர்ப்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்து இல்லாவிட்டால், ஆள் ஏதோ வழக்கில் மாட்டியிருப்பான் என்றுதான் நினைப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் காளியப்பனின் மகள் அறிவுமதி, காலேஜுக்குப் போகமாட்டேன், விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டப்போகிறேன் என்றாள்.

ஆசை ஒன்பதாம் வகுப்பில் வந்தது. தேர்தல் நேரத்தில் ஒரு தலைவர் ஹெலிகாப்டரில் வந்து அவளுடைய பள்ளி மைதானத்தில் இறங்கினார். ஊரே தலைவர் பின்னால் ஓடியது. அறிவுமதி மட்டும் பைலட்டிடம் போனாள். அவர் நிழலில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாமக்கல்காரர்கள் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பதையே அவளும் கேட்டாள்.

“நீங்க எந்தக் காலேஜுங்க சார்?”

“காலேஜுக்கெல்லாம் போகலம்மா. பிளஸ் டூ முடிச்சதும் பரீட்சை எழுதி மிலிட்டரி அகாடமிக்குப் போயிட்டேன். ஏர்போர்ஸ்லதான் ஓட்டக் கத்துக்கிட்டேன். கணக்கும் பிசிக்ஸும் ஒழுங்காப் படி.”

அதே ஹெலிகாப்டர் காளியப்பனின் பண்ணைக்கு மேலாகவும் தாழப் பறந்து போயிருந்தது. மிரண்ட கோழிகள் மூன்று நாள் சரியாக முட்டையிடவில்லை. ஆக, ஹெலிகாப்டரைப் பற்றி அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே நாளில்தான் அபிப்பிராயம் ஏற்பட்டது.

பிளஸ் டூ படிக்கும்போதே வீட்டில் மூச்சுவிடாமல் அகாடமித் தேர்வை எழுதினாள். தேறியும்விட்டாள். விஷயம் வெளியே தெரிந்த அன்று சாயங்காலமே அவளுடைய தாய்மாமன் பெரியசாமி விசாரணைக்கு வந்தார். நாலு லாரிக்கு ஓனர். கூடவே மகன் சித்தார்த். சித்தார்த் பி.இ., எம்.பி.ஏ.; அப்பாவின் லாரிகளுக்கு எந்த டயர் எப்போது மாற்றியது என்று நோட்டில் எழுதிவருகிறான்.

“ஏம் மாப்ள, ஹெலிகாப்டருல எத்தன வருசம் கிளீனரா இருக்கோணுமாம்?” என்றார் பெரியசாமி, காளியப்பனைப் பார்த்து.

“கிளீனரே கெடையாதுங்க மாமா. நேரா ஓட்டறதுதான்,” என்றாள் அறிவுமதி.

“டிகிரி இல்லாம எவன் சாமி உங்கையில வண்டியக் குடுப்பான்? எங்கிட்ட லாரி ஓட்டறவனுகளே பாதிப்பேரு பி.இ.”

தான் சொன்னதில் தன் மகனுக்கும் ஒரு குத்து இருப்பது அவருக்குப் படவில்லை. சித்தார்த் மட்டும் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

மறுநாளே காளியப்பன் மகளிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரியில் அவளுக்கு சீட் பிடித்துவைத்தார். பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி. துண்டுக்குப் பதில் கல்லூரி கேட்டது ஒரிஜினல் மார்க் ஷீட்டை. கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்து கோழிக்குத் தீனி போட்டார்.

ஆறாம் நாள் மைசூரிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை காலை ஆஜராக வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ் இல்லாதவர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். அறிவுமதி பீரோவைத் திறந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“காலேஜுல பத்திரமா இருக்குது சாமி,” என்றார் காளியப்பன்.

“யாருக்குப் பத்திரமுங்கப்பா?”

இந்த முறை விட்டால் அவ்வளவுதான் என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த தேர்வு வருவதற்குள் அவளை ஏதாவது ஒரு பெஞ்சில் உட்காரவைத்து அடையாள அட்டையை மாட்டிவிடுவார்கள். சனிக்கிழமை காலை அப்பாவை இழுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்குப் போனாள். ஊருக்குள் வாய் ஓயாத காளியப்பன், ஏசி அறைக்குள் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டார்.

மேனேஜர் நிமிரவேயில்லை. “ஒரிஜினல் எங்ககிட்டயே இருக்கட்டும்மா. நாலு வருசம் முடிச்சு டிகிரி வாங்கறப்போ ரெண்டையும் ஒண்ணா வாங்கிக்கலாம்.”

சுவர் முழுக்க ஒரு பேனர்; அதில் வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள். அறிவுமதி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லா முகத்துக்கும் கீழே ஒரே நீலக் கோட்டு. சிலருக்குத் தோள் தொங்கியது, சிலருக்குப் பட்டன் பிதுங்கியது. அந்தக் கோட்டு மேனேஜருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

“உங்க பேனர்ல ஏர்போர்ஸ்ல யாருமே இல்லீங்களே சார்,” என்றாள்.

மேனேஜர் இப்போது நிமிர்ந்தார். அழைப்புக் கடிதத்தை வாங்கிப் படித்தார். உள்ளே போனார். இரண்டே நிமிடத்தில் கல்லூரித் தாளாளர் தானே எழுந்து வந்தார்.

“எங்க ஸ்டூடண்டாம்மா நீ?”

“மார்க் ஷீட்டு உங்ககிட்டதானுங்களே இருக்குது. அப்ப உங்க ஸ்டூடண்டுதானுங்க.”

தாளாளருக்குக் கணக்கு விளங்கிவிட்டது. கோட்டு வந்தது. முதுகுப்பக்கம் துணிக் கிளிப் போட்டு இறுக்கினார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார்.

“மார்க் ஷீட்டு கைக்கு வந்த பொறகு சிரிக்கறேனுங்க,” என்றாள் அறிவுமதி.

வந்தது. சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சேலம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, பாலத்துக்குப் பக்கத்தில் அந்த பேனரைப் பார்த்தாள். முப்பதடி அகலம். நீலக் கோட்டில் அவள், பின்னால் ஒரு ஹெலிகாப்டர். ‘எங்கள் கல்லூரியின் வீர விமானி செல்வி அறிவுமதி, பி.இ.’ அவள் அந்தக் கல்லூரியில் ஒரு வகுப்பில்கூட உட்கார்ந்ததில்லை. நேர்முகத் தேர்வு வாசலைக்கூட இன்னும் மிதிக்கவில்லை. தோற்றால் இந்தச் சாலை வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

மைசூரில் முதல் நாளே பாதிப்பேரைத் திருப்பி அனுப்பினார்கள். மீதிப்பேரைத் துருவித்துருவிக் கேட்டார்கள். கடைசியில் பைலட்டுக்கான தேர்வு: ஒரு கருவியின் முன்னால் உட்கார்ந்து கையும் காலும் கண்ணும் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பார்ப்பது. ஆயுளுக்கு ஒரே தடவை. தவறினால் மறுபடி உட்கார முடியாது. திரையில் ஓடும் புள்ளியைத் துரத்துகையில் அவளுக்கு அந்த பேனர்தான் கண்ணில் நின்றது. விடாமல் துரத்தினாள். தேறினாள். டாக்டர்கள் அவள் கால் நீளத்தை அளந்து, அதுவும் போதும் என்றார்கள். அழைப்பு வந்ததும் அகாடமிக்கு ரயில் ஏறினாள்.

அவள் கிளம்பிய மாசமே பேனரைக் கழற்றினார்கள். காளியப்பன் அதைக் கேட்டு வாங்கிவந்து பண்ணையில் சாரல் அடிக்காமலிருக்கக் கட்டினார். கோழிகள் ஹெலிகாப்டர் படத்துக்குப் பழகிவிட்டன.

அகாடமியில் மூன்று வருடம் முடித்து, இப்போது ஐதராபாத் பக்கம் ஹெலிகாப்டர் பயிற்சியில் இருக்கிறாள் அறிவுமதி. போன மாதம் முதல்முறை தனியாகப் பறந்தாள். இறங்கிய கையோடு வீட்டுக்குப் போன் செய்தாள். சித்தார்த்தின் கல்யாணப் பத்திரிகையில் அழைக்கும் உறவினர்கள் பெயரைப் போடக் காளியப்பன் அச்சகத்தில் இருந்தார்.

“அப்பா, எம் பேருக்குப் பின்னால பி.இ. போடாதீங்க. நான் அத வாங்கலீங்க. அகாடமில குடுத்த டிகிரி இருக்குது, வேணும்னா அதப் போடுங்க.”

“அந்த அகாடமிய இங்க யாருக்குத் தெரியும் சாமி? இந்தக் காலேஜு பஸ்ஸு நம்மூரு வழியாவே போவுது.”

அச்சகத்துக்காரர் குறுக்கிட்டார். வரி நீண்டுவிட்டதாம்; ‘பி.இ., ஹெலிகாப்டர் விமானி’ இரண்டும் கொள்ளாதாம், ஒன்றை எடுக்க வேண்டுமாம்.

காளியப்பன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ஹெலிகாப்டரை எடுக்கச் சொன்னார்.