காலை விடாமல் ஆழம் பார்க்கும் கருவி: செஞ்சியில் இரண்டு நாள்

எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிறகு எங்கே போகிறது என்று பார்க்காமல் திரும்பினால், எனக்கு அந்த ஊருக்குப் போன மாதிரியே இருக்காது. இதை ஒரு வியாதி என்பாள் என் மனைவி. கோயில் வாசலில் அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினால் நான் குளத்து மதகின் மேல் நின்றுகொண்டிருப்பேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு அவள் விழுப்புரத்தில் உள்ள தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். கொலு முன்னால் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுவதைத் தவிர எனக்கு அங்கே வேலை இல்லை. அதனால் விஜயதசமி அன்று நேராகச் செஞ்சிக்குப் போய்க் கோட்டையைப் பார்த்துவிட்டு, மறுநாள் விழுப்புரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கினேன்.

சென்னையிலிருந்து செஞ்சி ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலைப் பேருந்தில் ஏறினால் திண்டிவனம் வழியாகச் செஞ்சியிலேயே இறங்கிக்கொள்ளலாம். சாதாரண நாளில் மூன்றரை மணி நேரம். விடியற்காலையிலேயே கிளம்பியும் விடுமுறைக் கூட்டத்தில் எனக்கு ஐந்து மணி நேரம் ஆனது. பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை சுமார் மூன்று கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார், நூறுக்கு இறங்கினார். ஏறி உட்கார்ந்ததும் ராஜா கோட்டையா ராணி கோட்டையா என்று கேட்டார். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் ஊர்க்காரர்கள் வாயில் அப்படித்தான். ராஜா என்றேன். “மேல தண்ணி கெடைக்காது சார், இங்கியே வாங்கிக்க” என்று ஒரு கடை முன்னால் நிறுத்தினார். கடை அவருடைய மச்சானுடையது என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அவர் சொன்னது உண்மை, மேலே ஒரு சொட்டு கிடைக்காது.

நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து ரூபாய். உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, குரங்குகளும் கொழுத்திருக்கின்றன. ராஜகிரி உச்சிக்கு ஏற எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. என்னைவிட வேகமாக ஏறிய ஒரு பாட்டி பாதி வழியில் எனக்கு ஆறுதல் சொன்னார். களஞ்சியம், கல்யாண மகால், யானைக்குளம் எல்லாவற்றையும் எல்லோரும் எழுதியாகிவிட்டது, நான் திரும்ப எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். பாறையும் வெயிலும் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் ஒரு படையையே தங்கவைத்தவர்கள், முதலில் யோசித்தது தண்ணீரைப் பற்றித்தான். சுனை, குளம், வாய்க்கால் என்று ஒவ்வொன்றும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று இரவு பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதியில் தங்கினேன். அறை எண்ணூறு ரூபாய், மின்விசிறியின் சத்தம் இலவசம். மறுநாள் காலை என் மனைவியின் தங்கை சித்ரா விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வந்து சேர்ந்தாள். இருவரும் ராணி கோட்டை ஏறுவதாகத் திட்டம். சித்ரா தண்ணீர்த் தொட்டிகளில், கழிவுநீர்க் கிணறுகளில் மட்டம் பார்க்கும் கருவிகளைப் பொருத்தித் தரும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். எங்கள் குடும்பத்தில் என் வியாதியைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். ஓட்டலில் உட்கார்ந்து பொங்கலில் கை வைக்கும் நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது. பேசி முடித்துவிட்டு, “மாமா, மலை அப்பறம். ஒரு பம்பிங் ஸ்டேஷனுக்குப் போவணும். போன வருசம் நான் வச்ச மீட்டரு தப்பு காட்டுதாம்” என்றாள். கரும்பு தின்னக் கூலியா? நான் கிளம்பிவிட்டேன்.

அந்த இடம் செஞ்சி வட்டாரத்தில் எந்தப் பக்கம் என்பதையும் அதை நடத்தும் ஒப்பந்தக்காரர் யார் என்பதையும் சொல்லப்போவதில்லை. யார் பிழைப்பிலும் மண் அள்ளிப் போட எனக்கு விருப்பமில்லை. சில தெருக்களின் கழிவுநீர் குழாய் வழியாக வந்து ஆழமான ஒரு கிணற்றில் சேர்கிறது. அங்கிருந்து இரண்டு பம்புகள் அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளுகின்றன. கிணறு நிறைந்தால் பம்பு ஓடவேண்டும், வற்றினால் நிற்கவேண்டும். ஆகவே எல்லாமே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிவதில்தான் இருக்கிறது.

முன்பு இதற்கு மிதவைகள் இருந்தன. கிணற்றுச் சுவரில் கட்டிய ஒயரில் பிளாஸ்டிக் உருண்டைகள் தொங்கும். தண்ணீர் ஏறினால் மிதக்கும், இறங்கினால் தொங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கழிவுநீரில் வருவது தண்ணீர் மட்டும் இல்லையே. துணி, முடி, நாப்கின், எண்ணெய்க் கட்டி எல்லாம் மிதவையைச் சுற்றிக்கொள்ளும். சுற்றிக்கொண்டால் ஓர் ஆள் உள்ளே இறங்கி அதை விடுவிக்கவேண்டும். அந்தக் கிணற்றில் விஷவாயு இருக்கும். ஆளை இறக்குவது சட்டப்படி குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் இறக்கினார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரிந்துகொள்ளவே ஓர் ஆள் காலை விடவேண்டியிருந்தது.

சித்ரா பொருத்திய கருவி தண்ணீரைத் தொடவே தொடாது. கிணற்றின் மேல்தளத்தில் பக்கவாட்டாக ஒரு சின்ன மூடி; அதற்குக் கீழே ஒரு கம்பியில் குனிந்து பார்த்தபடி இருக்கும், ஒரு டம்ளர் அளவு. அதிலிருந்து ரேடார் அலை கீழே போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்பும். திரும்ப ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். நுரை இருந்தாலும் ஆவி அடித்தாலும் பெரும்பாலும் தடுமாறாது. துணி சுற்றிக்கொள்ள அதற்கு ஒயரும் இல்லை, உருண்டையும் இல்லை. அதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: சாக்கடைக்கு மேலேயே வாழ்ந்தும் சாக்கடையைத் தொடாத பிழைப்பு.

நாங்கள் போனபோது நிலைமை மோசமாக இருந்தது. முந்தின நாளிலிருந்து கருவி கிணறு நிறைந்துவிட்டது என்றே காட்டிக்கொண்டிருந்தது. அதை நம்பி பம்புகள் நிற்காமல் ஓடி, தண்ணீர் தீர்ந்த பிறகும் காற்றை இழுத்து, சூடேறித் தாமாக நின்றுவிட்டன. நின்றதும் கிணறு உண்மையிலேயே நிறைந்து, தாழ்வான தெருவில் கழிவுநீர் பொங்கியது. விடியற்காலையில் ஆட்கள் தாங்களே சுவிட்சைப் போட்டுப் பம்பை ஓட்டி நீரை இறக்கியிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் கிணற்றில் முழங்கால் அளவுதான் இருந்தது. சுவரில் அளவைக் காட்டும் திரையோ இன்னமும் நிறைந்துவிட்டது என்றே சாதித்தது.

மேற்பார்வையாளர் குணசேகரன் தூங்காத கண்களோடு நின்றார். கருவியை இனி நம்ப முடியாது, பழைய மிதவைகள் உள்ளேயேதான் கிடக்கின்றன, ஓர் ஆளை இறக்கி அவற்றை எடுத்துக் கட்டிவிடப்போகிறோம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டத்தைச் சொன்னேன். “சட்டம் தெரியும் சார். தெருவுல போயி நின்னு பாருங்க, தெரியும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. தெருக்காரர்கள் காலையிலிருந்து அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். சித்ரா ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டாள். மதியச் சாப்பாடு வரை தருகிறேன், அதற்குள் முடியாவிட்டால் இறக்கிவிடுவேன் என்றார்.

இறங்கவேண்டிய ஆள் ஆரோக்கியம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் ஜெபமாலை. சுவரோரம் குந்தியிருந்தார், அருகில் சுருட்டிய கயிறு. வாசல் கேட்டுக்கு வெளியே அவர் மனைவி லூர்து மேரி ஒரு தூக்குப் பாத்திரத்தோடு நின்றிருந்தார். வல்லம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து, விஷயம் கேள்விப்பட்டு அடுத்த பேருந்திலேயே வந்துவிட்டாராம். சாப்பாடு கொண்டுவந்தேன் என்று சொன்னாரே தவிர, அவர் வந்தது அதற்கில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மிதவை இருந்த காலத்தில் ஒருமுறை விஷவாயுவில் மயங்கிய கணவரைக் கயிற்றால் மேலே தூக்கிப் போட்டபோது அவர் கண் விழித்தும் தன்னை அடையாளம் தெரியாமல் பார்த்ததை என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சித்ரா கைப்பேசியை எடுத்தாள். கருவியோடு கம்பியில்லாமல் பேசலாம் என்பதால் கிணற்றின் அருகே நின்றாலே போதும். திரும்பி வரும் அலைகள் திரையில் ஒரு கோடாகத் தெரிந்தன. தொலைவில் ஒரு மேடு, கிட்டத்தில் ஒரு மேடு. செஞ்சியில் எங்கே பார்த்தாலும் மலைதான் என்றேன்; அவள் சிரிக்கவில்லை. ஒரு பம்பைக் கொஞ்சம் ஓடவிட்டாள். நீர் இறங்க இறங்கத் தொலைவில் இருந்த மேடு நகர்ந்தது. கிட்டத்து மேடு அசையவில்லை. அப்படியானால் அது தண்ணீர் இல்லை, கருவிக்குக் கீழே ஒரு முழத் தூரத்தில் வேறு ஏதோ இருக்கிறது, கருவி அதைத்தான் தண்ணீர் என்று நினைக்கிறது என்றாள்.

கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமே மாற்றவில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவள் போய் அந்தச் சின்ன மூடியைத் திறந்தாள். உள்ளே கருவியின் முகத்தில் சந்தனமும் குங்குமமும். கழுத்தில் ஒரு சாமந்தி மாலை. பூ வாடி, ஈரத்தில் நூல் தளர்ந்து, மாலையின் ஒரு பக்கம் அவிழ்ந்து நேராகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அலை போகும் வழியில், நீர் சொட்டச் சொட்ட.

ஆயுத பூஜைக்குப் பம்புக்கும் பேனல் பெட்டிக்கும் பொட்டு வைத்திருந்தார்கள், வாழைக்கன்றுகூட இன்னும் வாசலில் இருந்தது. சாமி கும்பிட்டதை ‘மாற்றம்’ என்று இந்த நாட்டில் யார் கணக்கில் சேர்ப்பார்கள்? குணசேகரன் காவலாளி முனுசாமியைத் திரும்பிப் பார்த்தார். பூஜை போட்டவர் அவர்தான். முனுசாமி பதறிப்போய், தான் பம்போடு நிறுத்திக்கொண்டதாகவும் இந்த மூடியைத் திறக்கவே இல்லை என்றும் சொன்னார். அப்போது சுவரோரம் இருந்து ஆரோக்கியம் எழுந்தார்.

“நான்தான் சார் போட்டேன்.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற மனிதர், பொரிகடலையை வாங்கிக்கொள்வாரே தவிர ஆயுத பூஜையில் ஒருநாளும் நின்றதில்லையாம். குணசேகரன் ஏன் என்று கேட்டார்.

“இது வந்தப்பறம் நான் உள்ள எறங்கவே இல்ல சார்” என்றார் ஆரோக்கியம். “எல்லாத்துக்கும் மாலை போட்டாங்க. இதுக்கு மட்டும் ஒண்ணும் போடல. மனசு கேக்கல.”

எனக்குக் கண் கலங்கியது, மறைக்கப்போவதில்லை. தன்னைக் குழிக்குள் போகாமல் காப்பாற்றிய கருவிக்கு நன்றி சொல்லப்போய், அந்த நன்றியாலேயே அவர் மறுபடி குழிக்குள் போக இருந்தார்.

சித்ரா மாலையைக் கழற்றினாள். ஈரத்துணியால் கருவியின் முகத்தை மெதுவாகத் துடைத்தாள். கைப்பேசித் திரையில் கிட்டத்து மேடு காணாமல்போனது, சுவர்த் திரை உடனே கிணற்றின் உண்மையான ஆழத்தைக் காட்டியது. பம்புகளைத் தானியங்கிக்கு மாற்றினார்கள். நீர் ஏறியதும் ஒரு பம்பு தானாக ஓடியது, இறங்கியதும் தானாக நின்றது. இன்னொரு முறை பார்த்தார்கள், அப்போதும் அப்படியே. அவசரத்துக்கு ஒரு மிதவை இருப்பது நல்லதுதான், ஆனால் அது சுவரில் வேண்டாம், மேலிருந்தே இழுத்து எடுக்கிற மாதிரிச் சங்கிலியில் தொங்கட்டும் என்று சித்ரா குணசேகரனிடம் சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டார். பிறகு ஆரோக்கியத்தின் பக்கத்தில் கிடந்த கயிற்றை அவரே எடுத்துக்கொண்டுபோய் வண்டியில் போட்டார். எல்லாம் முடிந்த பிறகு சித்ரா சந்தனக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். “பொட்டு வெளியில வச்சிக்குங்கண்ணே. மூஞ்சில வச்சா அதுக்குக் கண்ணு தெரியாது” என்றாள். ஆரோக்கியம் அப்போதுதான் சிரித்தார்.

ராணி கோட்டை ஏற நேரம் இல்லாமல் போனது, வருத்தமும் இல்லை. இந்தப் பக்கம் வருபவர்களுக்குச் சில வார்த்தைகள். கோட்டைக்குக் காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள்; பிற்பகலுக்கு மேல் ராஜகிரி உச்சிக்கு விடுவதில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கையில் பிளாஸ்டிக் பை கூடாது, குரங்கு பிடுங்கும். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் மேல்சித்தாமூர் சமண மடத்தையும் பார்க்கலாம். விழுப்புரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், பேருந்து அடிக்கடி உண்டு. ஊர் திரும்பியதும் இன்னொன்றும் செய்யுங்கள். நீங்கள் அடுக்ககத்தில் இருந்தால் அங்கேயும் இப்படி ஒரு கழிவுநீர்க் குழி இருக்கும். அதில் மட்டம் பார்ப்பது எது, அது கெட்டுப்போனால் யார் இறங்குவார் என்று சங்கச் செயலாளரிடம் கேளுங்கள். நான் கேட்டுவிட்டேன், பதில் திருப்தியாக இல்லை, இப்போது அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் அன்று கிளம்பும்போது லூர்து மேரி கேட்டுக்கு வெளியேதான் நின்றார். கொண்டுவந்த புளிச்சோற்றை எங்களுக்கும் பங்கு வைத்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் சித்ராவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இன்னா மேடம், அந்த மிசினு எத்தினி வருசம் ஓடும்?”

“நல்லா பாத்துக்கினா பத்து வருசம் ஓடும்க்கா.”

அவர் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டார். “அதுக்குள்ள அவருக்கு அறுவது தாண்டிடும்” என்றார். “அப்பறம் எறங்கச் சொல்லி யாரும் கூப்ட மாட்டாங்க.”